கல்லுக்குக் காத்திருந்த முள்ளம்பன்றி

முள்ளம்பன்றி கூரனுக்குத் தன் பொறுமையைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. "இந்தக் காட்டிலே என்னை மாதிரி காத்திருக்கத் தெரிஞ்சவன் எவனும் இல்லை!" என்று வழியில் போகும் எறும்பிடம்கூடச் சொல்வான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவன் மனைவி வரிச்சிக்கு இருக்கிற பொறுமையும் போய்விடும்.

அந்த வருஷம் காத்திருக்க நேரமே இல்லை. மழைக்காலம் நெருங்கிவிட்டது. அவர்களுடைய வளை பள்ளத்தில் இருந்தது. ஆறு பெருகினால் முதலில் மூழ்குவது அதுதான். வளைக்குள் பிறந்து பத்தே நாளான இரண்டு குட்டிகள் இருந்தன.

மேட்டுப் பாறையில் நனையாத குகை ஒன்று உண்டு. ஆனால் அதில் ஒரு குடும்பத்துக்கு மேல் இடமில்லை. முன்பெல்லாம் அந்தக் குகைக்காக அடிதடி நடக்கும். ஒரு வருஷம் காட்டுப்பன்றிக்குக் காது கிழிந்தது. மறு வருஷம் ஒரு முயலுக்குக் கால் ஒடிந்தது. "இனிமேல் கடித்துக்கொள்ள வேண்டாம், ஆடித் தீர்த்துக்கொள்ளுங்கள்!" என்று சொல்லி, உடும்பு பிடியன் ஓர் ஆட்டத்தை ஏற்படுத்தினான். அவனே நடுவனாகவும் இருந்தான்.

ஆட்டம் எளியது. குடும்பத்துக்கு இருபது குன்றிமணி. ஒரு சுரைக்குடுக்கைக்குள் பன்னிரண்டு கூழாங்கற்கள். ஒன்றில் ஒரு கீறல், இன்னொன்றில் இரண்டு கீறல், இப்படிப் பன்னிரண்டு வரை. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோரும் முதலில் நடுக்குழியில் ஒரு மணி போட வேண்டும். அதற்குக் குழிமணி என்று பெயர். பிறகு ஆளுக்கு ஒரு கல்லை எடுத்து, தான் மட்டும் பார்த்து, காலடியில் மூடி வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஒவ்வொருவராகப் பேச வேண்டும். பிடிக்கவில்லை என்றால் "விட்டேன்!" என்று ஒதுங்கலாம். இல்லாவிட்டால் "வெச்சேன்!" என்று மணிகளை முன்னால் தள்ளலாம். அடுத்தவர்கள் அதே அளவு வைக்க வேண்டும், அல்லது ஒதுங்க வேண்டும். எல்லோரும் ஒதுங்கிவிட்டால், வைத்தவர் கல்லைக் காட்டாமலே குழியை அள்ளிக்கொள்ளலாம். யாராவது ஈடாக வைத்தால் கற்களைத் திருப்ப வேண்டும். அதிகக் கீறல் உள்ளவருக்கே எல்லாம். ஒருவரிடம் இருப்பதற்கு மேல் அவரிடம் யாரும் கேட்க முடியாது. மணி தீர்ந்தவர் எழுந்து போக வேண்டும். கடைசியில் மிஞ்சுபவருக்குக் குகை.

இன்னொரு விதியும் உண்டு. பக்கத்தில் ஓர் இலுப்பை மரம் நின்றது. அதன் நிழல் நகரும் பாறையில் பிடியன் மூன்று கோடுகள் கிழித்திருந்தான். நிழல் ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் குழிமணி இரட்டிக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், நாலு எட்டாகும்.

காலையில் நாலு குடும்பங்கள் வட்டமாக உட்கார்ந்தன. நரி ஓரி வந்தான். காட்டுப்பன்றி மொத்தையன் வந்தான். முயல் காதழகி நடுங்கிக்கொண்டே வந்தாள். நாலாவதாகக் கூரன் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். வரிச்சி அவனுக்குப் பின்னால் புதர் நிழலில் குட்டிகளைத் தூங்க வைத்துக்கொண்டு இருந்தாள்.

முதல் கல். கூரன் எட்டிப் பார்த்தான். எட்டுக் கீறல்.

"விட்டேன்!"

வரிச்சி திகைத்தாள். "எட்டுதானே? நல்ல கல்லாச்சே!"

"பன்னிரண்டு வரட்டும், அப்போ பார்!" என்று கிசுகிசுத்தான் கூரன்.

இரண்டாவது கல் ஒன்பது. "விட்டேன்!" மூன்றாவது நாலு. "விட்டேன்!" நாலாவது பத்து. "விட்டேன்!"

"பத்தையுமா?" என்று பல்லைக் கடித்தாள் வரிச்சி.

"பதினொண்ணு ஒண்ணு இருக்கு, பன்னிரண்டு ஒண்ணு இருக்கு. யாராவது அதை வெச்சிருந்தா? உனக்குப் பொறுமையே இல்லை!"

நரி ஓரிக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் இருக்குமா? அவன் கையில் என்ன கல் வந்தாலும் மூன்று மணியைத் தள்ளினான். முயல் பயந்து ஒதுங்கினாள். முள்ளம்பன்றி கேட்காமலே ஒதுங்கினான். மொத்தையன் மட்டும் சில சமயம் முட்டிப் பார்த்தான். மொத்தையனுக்கு யோசிக்கும் வழக்கம் கிடையாது. செலவு கொஞ்சம் என்றால் ஈடு வைப்பான், நிறைய என்றால் கல்லைப் பார்ப்பான். அவ்வளவுதான் அவன் கணக்கு.

ஏழு சுற்று முடிந்தது. கூரன் ஒரு தடவைகூட "வெச்சேன்" என்று சொல்லவில்லை. ஆனாலும் அவன் இருபது மணி பதின்மூன்றாகிவிட்டது.

"நீங்க எதுவும் செய்யலேன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. சும்மா உட்கார்ந்தே ஏழு மணியைத் தொலைச்சுட்டீங்க!" என்றாள் வரிச்சி.

"தொலைக்கலை. காத்திருந்தேன்!"

இலுப்பை நிழல் முதல் கோட்டைத் தாண்டியது. "குழிமணி ரெண்டு!" என்று கத்தினான் பிடியன். கூரன் மேலும் மூன்று சுற்று காத்திருந்தான். மிச்சம் ஏழு.

நாலாவது சுற்றில் இரண்டு மணியைப் போட்டுவிட்டுக் கல்லை எடுத்தான். எடுத்தவன் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. பன்னிரண்டு கீறல்!

"வெச்சேன்! இருக்கிற அஞ்சும் வெச்சேன்!" என்று காடே அதிரக் கத்தினான்.

நரி ஒரு நொடி அவனைப் பார்த்தான். "காலையிலேர்ந்து வாயைத் திறக்காதவன் திறந்துட்டான்! நான் விட்டேன்!" என்றான். "நானும்!" என்றாள் முயல். மொத்தையன்கூட மூக்கைச் சொறிந்துகொண்டு, "விட்டேன்" என்றான்.

கூரனுக்குக் குழியில் இருந்த எட்டு மணி கிடைத்தது. இப்போது மறுபடியும் பதின்மூன்று. அவன் துள்ளாத குறைதான். பன்னிரண்டு கீறல் கல்லை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினான்.

"பார்த்தியா! கல்! கல் வந்தா எல்லாம் தானா வரும்னு சொன்னேனே!"

வரிச்சி தலையில் அடித்துக்கொண்டாள். "அவங்க ஒதுங்கினப்போ அந்தக் கல் எங்கே இருந்தது?"

"என் காலடியிலே."

"மூடியா, திறந்தா?"

"மூடித்தான்."

"அப்போ அவங்க எதைப் பார்த்து ஒதுங்கினாங்க?"

"பன்னிரண்டைப் பார்த்து!"

"ஐயோ! மூடின கல்லை யாருங்க பார்த்தா? நீங்க இத்தனை நேரம் வாயைத் திறக்கலே, இப்போ திறந்தீங்க, அஞ்சு மணியைத் தள்ளினீங்க. அதைத்தான் பார்த்தாங்க! உங்க காலடியிலே ஒரே ஒரு கீறல் கல் இருந்திருந்தாலும் அவங்க ஒதுங்கியிருப்பாங்க!"

கூரன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆனா என்கிட்டே பன்னிரண்டு இருந்ததே!" என்றான்.

வரிச்சி கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். "சரி. வேற மாதிரி கேட்கறேன். சிறுத்தை வந்தா நீங்க எப்போ முள்ளைச் சிலிர்ப்பீங்க? அது பத்தடி தள்ளி நிக்கிறப்பவா, கழுத்தைக் கவ்வின பிறகா?"

"இதென்ன கேள்வி! பத்தடியிலே நிக்கிறப்பதான்!"

"ஏன்?"

"அப்போதான் அது யோசிச்சுத் திரும்பிப் போகும்."

"அதைத்தான் நான் காலையிலேர்ந்து சொல்றேன்!"

"இங்கே சிறுத்தை எங்கே வந்தது?" என்றான் கூரன். பிறகு, "கத்தினதுலே தொண்டை வறண்டுபோச்சு. நான் ஓடையிலே தண்ணி குடிச்சிட்டு வரேன். குரங்குகளுக்கும் பன்னிரண்டு வந்ததைச் சொல்லணும். நீ கொஞ்சம் உட்காரு. எதையும் வெச்சுத் தொலைக்காதே!" என்று கிளம்பிவிட்டான்.

வரிச்சி உடும்பைப் பார்த்தாள். "நான் உட்காரலாமா?"

"குடும்பத்துக்கு ஓர் இடம். யார் உட்கார்ந்தாலும் சரி!" என்றான் பிடியன்.

வரிச்சி உட்கார்ந்தாள். இரண்டு மணியைக் குழியில் போட்டாள். கல்லைப் பார்த்தாள். இரண்டு கீறல். முகத்தில் எதையும் காட்டவில்லை.

நரி, "விட்டேன்" என்றான். அவனுக்கும் மோசமான கல். மொத்தையனும் விட்டான். பேச வேண்டியவர்கள் இனி வரிச்சியும் முயலும் மட்டும்தான். வரிச்சி முயலின் முன்னால் இருந்த மணிகளை எண்ணினாள். பத்து. தன்னிடம் பதினொன்று.

"வெச்சேன். எல்லாத்தையும்."

காதழகியின் காது இரண்டும் விறைத்தன. அவளிடம் இருந்தது ஏழு கீறல் கல். ஏழு மோசமில்லை. ஆனால் ஈடு வைத்துத் தோற்றால் அத்துடன் ஆட்டம் முடிந்தது. குகை போய்விடும். அவளுக்கும் வளையில் ஐந்து குட்டிகள்.

"முடியாது! என் எல்லாம் போயிடும்! விட்டேன்!"

வரிச்சி குழியை அள்ளினாள். பத்தொன்பதாயிற்று.

நிழல் இரண்டாம் கோட்டைத் தாண்டியது. குழிமணி நாலு. இந்தத் தடவை வரிச்சிக்கு வந்தது ஐந்து கீறல். நரி ஓரி வழக்கம்போல் நாலு மணியைத் தள்ளி, "வெச்சேன்!" என்றான். மொத்தையன் விட்டான்.

வரிச்சி நரியைப் பார்த்தாள். காலையிலிருந்து அவன் எந்தக் கல் வந்தாலும் தள்ளுகிறான். எல்லாம் நல்ல கல்லாகவா இருக்கும்? அவனிடம் இன்னும் பதினாறு மணி மிச்சம். இழக்க அவனுக்கு நிறைய இருக்கிறது.

"நாலு இல்லே. பதினஞ்சு வெச்சேன்."

முயல் உடனே ஒதுங்கினாள். நரியின் வால் தரையைத் தட்டுவதை நிறுத்தியது. அவன் காலடியில் மூன்று கீறல்தான்.

"இந்தக் குடும்பம் கல் இல்லாம வாயைத் திறக்காது" என்று முணுமுணுத்தான். "விட்டேன்! வெச்ச நாலும் போகட்டும்!"

வரிச்சியின் முன்னால் இப்போது முப்பத்தைந்து மணி. வட்டத்தில் வேறு யாரிடமும் அத்தனை இல்லை. மொத்தையனிடம் இருபத்து மூன்று, நரியிடம் பதினாறு, முயலிடம் ஆறு.

அந்த நேரம் பார்த்துக் குட்டிகள் விழித்துக்கொண்டன. பசியில் வீல் வீல் என்று கத்தின. கூரனும் ஓடையிலிருந்து வந்து சேர்ந்தான். மணிக் குவியலைப் பார்த்ததும் அவன் வாய் பிளந்தது.

"முப்பத்தஞ்சா! எத்தனை பன்னிரண்டு வந்தது?"

"ஒண்ணும் வரலே" என்று அவன் காதோடு சொன்னாள் வரிச்சி. "ரெண்டும் அஞ்சும்தான் வந்தது. மெதுவா..."

"என்னது! ரெண்டும் அஞ்சுமா!" என்று கூரன் கத்திய கத்தலில் இலுப்பை மரத்திலிருந்து இரண்டு மைனாக்கள் பறந்தன. "ரெண்டு கீறலை வெச்சுக்கிட்டா முயலை விரட்டினே? அஞ்சை வெச்சுக்கிட்டா நரியை?"

முயல் நரியைப் பார்த்தாள். நரி முள்ளம்பன்றியைப் பார்த்தான். மொத்தையன் மெதுவாக மூக்கைச் சொறிந்தான்.

வரிச்சிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "இப்போ ஊருக்கே சொல்லியாச்சு! சரி, இதையாவது கேளுங்க. குட்டிகளுக்குப் பால் கொடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் நல்ல கல் வந்தா மட்டும் வையுங்க. இனிமே மிரட்டினா நம்பமாட்டாங்க. அதோட, முயல்கிட்டே..."

"புரிஞ்சுது, புரிஞ்சுது!"

"என்ன புரிஞ்சுது?"

"கல்லே முக்கியமில்லே! சத்தமா வெச்சா போதும்! இது தெரியாம காலையெல்லாம் வீணாக்கிட்டேனே!"

"அது இல்லேங்க! யார்கிட்டே எவ்வளவு இருக்கு, அவங்களுக்கு இழக்க என்ன இருக்குன்னு..."

குட்டிகள் இன்னும் பலமாகக் கத்தின. வரிச்சி ஓடினாள். கூரன் உட்கார்ந்தான்.

அடுத்த சுற்றில் நாலு குழிமணியைப் போட்ட பிறகு முயலிடம் இரண்டே மணி மிச்சம். இன்னொரு சுற்றுக்குக்கூடத் தாங்காது. காதழகி கல்லைப் பார்த்தாள். ஒன்பது. நடுக்கம் நின்றுபோயிற்று.

"வெச்சேன்! என்கிட்டே இருக்கிறது ரெண்டு. ரெண்டையும் வெச்சேன்!"

நரியும், ஒற்றைக் கீறல் கல் வந்த மொத்தையனும் ஒதுங்கினார்கள். கூரன் தன் கல்லைப் பார்த்தான். இரண்டு கீறல். 'ஆகா! வரிச்சிக்கு வந்த அதே கல்!' என்று மகிழ்ந்துபோனான். இருபது மணியை முன்னால் தள்ளினான். முள்ளை விரித்துக்கொண்டு, "ஒதுங்கு!" என்று உறுமினான்.

முயல் அவனை விசித்திரமாகப் பார்த்தாள். "எங்கே ஒதுங்கறது?"

"இருபது மணி வெச்சிருக்கேன்! பயமா இல்லையா?"

"என் மணி எல்லாம் ஏற்கெனவே முன்னாலே கிடக்குதே அண்ணே! இனிமே விட என்கிட்டே என்ன இருக்கு?"

"அவளிடம் இருப்பது ரெண்டு. அதற்கு மேல் கேட்க முடியாது" என்று சொல்லிப் பிடியன் பதினெட்டு மணியைத் திருப்பித் தள்ளினான். "கல்லைத் திருப்புங்கள்!"

ஒன்பது கீறல். இரண்டு கீறல். முயல் குழியை அள்ளிக்கொண்டாள். ஆறாக இருந்தது இருபதாகிவிட்டது.

போன மணி ஆறுதான். ஆனால் எல்லோர் கண்ணிலும் அந்த இரண்டு கீறல் கல் பட்டுவிட்டது.

கூரனுக்கு முகம் சிவந்தது. "போன தடவை ஆள் சரியில்லை. இந்தத் தடவை பெரிய ஆளாப் பார்க்கிறேன்!" என்று பல்லைக் கடித்தான்.

அடுத்த சுற்றில் அவனுக்கு மூன்று கீறல் வந்தது. மொத்தையன் ஐந்து மணியை வைத்தான். கூரன் தன்னிடம் இருந்த இருபத்தைந்தையும் அப்படியே தள்ளினான்.

"எல்லாம் வெச்சேன்! ஒதுங்கு மொத்தையா! நல்லதுக்குச் சொல்றேன்!"

நரியும் முயலும் விலகினார்கள். மொத்தையன் தன் கல்லைப் பார்த்தான். எட்டு. கூரனைப் பார்த்தான். அதிசயமாக அவன் கொஞ்சம் யோசித்தான்.

"ரெண்டு கீறலை வெச்சுக்கிட்டு முயல்கிட்டே உறுமினவன் நீதானே?"

"அது... அது போன தடவை!"

"உன் பெண்டாட்டியும் ரெண்டையும் அஞ்சையும் வெச்சுத்தான் ஜெயிச்சாளாமே? நீதானே கத்தினே?"

கூரன் முள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தது.

"என் பதினஞ்சையும் வெச்சேன்!" என்றான் மொத்தையன்.

எட்டு கீறல். மூன்று கீறல். மொத்தையன் இரண்டு காலாலும் குழியை வாரினான். கூரனுக்கு மிச்சம் பத்து.

அப்போதாவது அவன் புதர்ப் பக்கம் போய் மனைவியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்து மணிக்கு இன்னும் கொஞ்சம் மதிப்பு இருந்தது. முயலிடம் பதினாறு, நரியிடம் எட்டு. நல்ல கல் ஒன்று வந்தால் துணிந்து வைக்கலாம். ஆனால் கூரன் சூடுபட்டவன். மறுபடியும் தன் பழைய பெருமையில் போய்ப் புகுந்துகொண்டான். 'அவ பேச்சைக் கேட்டதாலே வந்த வினை! இனிமே பன்னிரண்டு வந்தாத்தான் வாயைத் திறப்பேன்!'

அடுத்து வந்தது பத்து கீறல்.

"விட்டேன்!"

மணி ஆறானது. அதற்கு அடுத்து வந்தது பதினொன்று. கூரன் மொத்தையனை ஓரக்கண்ணால் பார்த்தான். 'ஒருவேளை பன்னிரண்டு அவன்கிட்டே இருந்தா?'

"விட்டேன்!"

வரிச்சி குட்டிகளைத் தூங்க வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவன் முன்னால் இரண்டே மணி கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் பார்த்தாள். அடியில் ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறானா என்றும் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு எங்கே?"

"நீ சொன்னபடிதான் செஞ்சேன். சத்தமா வெச்சேன்."

"யார்கிட்டே?"

"முதல்லே முயல்கிட்டே. அவகிட்டே ரெண்டுதான் இருந்தது, அதையும் வெச்சுட்டா."

"எல்லாத்தையும் வெச்சவளையா மிரட்டினீங்க? அவ எப்படிங்க ஒதுங்குவா?"

"அப்புறம் மொத்தையன்கிட்டே."

"ரெண்டு கீறலை அவன் கண்ணாலே பார்த்த பிறகா?"

கூரன் முன்னால் கிடந்த இரண்டு மணியையும் காலால் உருட்டினான்.

"அப்புறம்?"

"அப்புறம் காத்திருந்தேன். பதினொண்ணுகூட வந்தது. விட்டுட்டேன்."

வரிச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போடக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. "மிரட்டினாலே போதும்கிற நேரத்துலே கல்லுக்குக் காத்திருந்தீங்க. கல் வேணும்கிற நேரத்துலே மிரட்டினீங்க. கல்லே வந்தப்போ விட்டுட்டீங்க. இதைவிட எப்படிங்க ஒருத்தர் தப்பா ஆட முடியும்?"

"இப்போ நீ உட்காரு. நீ உட்கார்ந்தா ஜெயிச்சுடுவே" என்றான் கூரன். எழுந்து இடம் விட்டான்.

"ரெண்டு மணியைத் தள்ளினா எந்த எலி ஒதுங்கும்?"

நிழல் மூன்றாம் கோட்டைத் தாண்டியது. "குழிமணி எட்டு!" என்றான் பிடியன். அவர்களைப் பார்த்துச் சற்றுத் தயங்கினான். "இருப்பதைப் போடுங்கள். ஜெயித்தால் ஒவ்வொருவரிடமிருந்தும் அதே அளவுதான் கிடைக்கும்."

வரிச்சி உட்கார்ந்தாள். இரண்டையும் குழியில் போட்டாள். தள்ளவும் எதுவும் இல்லை, பேசவும் எதுவும் இல்லை. கல்லை எடுத்தாள். பத்து கீறல்! அவளுக்கே ஒரு நொடி நம்பிக்கை வந்தது. நரி ஒதுங்கினான். முயல் ஒதுங்கினாள்.

மொத்தையன் தன் கல்லைத் திருப்பினான். பதினொன்று.

முள்ளம்பன்றிக் குடும்பம் எழுந்தது. வரிச்சி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டாள். கூரன் இன்னொன்றைக் கவ்விக்கொண்டான். யாரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வானம் கறுத்திருந்தது. அடுத்த வாரம் தங்கள் வளை என்ன ஆகும் என்ற கவலை அங்கே எல்லோருக்கும் இருந்தது.

ஆட்டம் அந்தி வரை நடந்தது. ஜெயித்தது முயல் காதழகி. காலையில் தன்னை ஒதுங்க வைத்தது இரண்டு கீறல் கல் என்று தெரிந்ததிலிருந்து அவள் நடுங்குவதை விட்டிருந்தாள். நரி கல் இல்லாமல் தள்ளியபோது, தன் மணி கரையும் வரை காத்திருக்காமல் உடனே எல்லாவற்றையும் தள்ளினாள். நரி ஒதுங்கினான். மொத்தையனிடம் அவள் மிரட்டவே இல்லை. குவியல் பெருகிய பிறகு அவனுக்கு எல்லாமே கொஞ்சச் செலவுதான், எதற்கும் ஒதுங்க மாட்டானே! நல்ல கல் வந்தபோது மட்டும் வைத்தாள். அவன் நாலையும் ஐந்தையும் வைத்துக்கொண்டு ஈடு கொடுத்துக் கொடுத்து, மலை போல இருந்த குவியலை அவளிடமே கொட்டினான்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. ஆறாம் நாள் ஆறு பெருகியது. பள்ளத்து வளை ஒரே இரவில் மூழ்கியது. அதற்கு முன்பே கூரன் ஒரு சரிவில் முள்புதர் அடியில் புது வளை தோண்டத் தொடங்கியிருந்தான். மண் சரியச் சரியத் தோண்டினான். நகம் இரண்டு பெயர்ந்தது. ஒரு பக்கம் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் அவன் தன் உடம்பை அணையாக வைத்துப் படுத்துக்கொண்டான். சின்னக் குட்டிக்குச் சளி பிடித்து நாலு நாள் பால் குடிக்கவில்லை. வரிச்சி அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கண் மூடாமல் கிடந்தாள். ஐந்தாம் நாள் அது வாயைத் திறந்து கத்தியது. அந்தக் கத்தலைக் கேட்டு இருவரும் அழுதார்கள்.

அன்று கூரன் சொன்னான்: "அடுத்த வருஷம் காலையிலேயே நீ உட்காரு. நான் குட்டிகளைப் பார்த்துக்கறேன்."

"பசிச்சா என்ன கொடுப்பீங்க?" என்று எரிந்து விழுந்தாள் வரிச்சி.

"அடுத்த வருஷம் அவங்களே கிழங்கு தோண்டித் தின்பாங்களே."

வரிச்சி அவனை நெடுநேரம் பார்த்தாள். அவன் முதுகு முழுக்கச் சேறு. முள்ளுக்கு நடுவே வேர்த்துண்டுகள் சிக்கியிருந்தன.

"அது சரி" என்றாள். "ஆனா ஒண்ணு. எனக்கு என்ன கல் வந்ததுன்னு நீங்க கேட்கக் கூடாது."

"கேட்கமாட்டேன்!" என்றான் கூரன். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆட்டம் முடிஞ்ச பிறகு கேட்கலாமா?" என்றான்.

வரிச்சி திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பிறரை ஒதுங்க வைக்கும் பலம் கையில் இருக்கும்போதே, இழக்க ஏதாவது உள்ளவரிடம் பார்த்து அதைக் காட்ட வேண்டும். பலம் கரைந்த பிறகு காட்டும் வீரத்துக்கு யாரும் வழிவிட மாட்டார்கள்.